பொற்கொடியின் நாக்கு

பொற்கொடி நாக்கை நீட்டிய இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது. ஒன்றும் இல்லை.

பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, ரத்தத்தில் குறை இல்லை. சித்த வைத்தியர் ஒருவர் மட்டும் உடம்புச் சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரைச் சாறும் தேங்காய்ப்பாலும் குடிக்கச் சொன்னார். அதையும் ஒரு மண்டலம் குடித்தாயிற்று. கடைசியாகப் பார்த்த பெரிய டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா" என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, நின்று அழுதாள்.

ஒன்றும் இல்லாத அந்த நாக்கு பதினாலு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. கொதிக்கிற காப்பியை அவசரத்தில் குடித்தால் வாய் வெந்துபோகுமே, அப்படி. காலையில் எழும்போது சுமாராக இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். சாயங்காலத்துக்குள் நுனியும் இரண்டு ஓரமும் தகிக்கும். வாய் வறளும். செப்புக் காசைச் சப்பியது போல ஒரு ருசி நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். துணைக்கு விரல் கணுக்களில் குடைச்சலும், தூங்கி எழுந்தாலும் போகாத அசதியும் வந்து சேர்ந்திருந்தன.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஏலக்காயை மெல்லுவாள், துப்புவாள். பச்சைத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு முற்றத்தில் நடப்பாள். மணிக்கு நாலு தடவை கைக்கண்ணாடியை எடுத்து நாக்கை நீட்டிப் பார்ப்பாள். ஒரு புண்ணாவது தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். அது பாட்டுக்குச் சிவப்பாக, பிள்ளைகளின் நாக்கு போல, சுத்தமாக இருக்கும்.

தாலுகா ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் தட்டச்சு அடித்துவிட்டு, போதும் என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்தவள் பொற்கொடி. தனி ஆள். தாமிரபரணிக் கரையில் ஒரு சித்தர் சமாதியை ஒட்டிய சின்ன மடத்துக்கு நாலு வருஷத்துக்கு முன்பு வந்தாள். வந்த வாரமே கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் நாற்பது பேருக்குச் சோறு அவள் பொறுப்பு.

மடத்துச் சாமிக்கு அவளைவிட ஒன்பது வயது குறைவு. முன்னே மின்கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர். அவளை அம்மா என்று கூப்பிடுவார். பந்தி முடிந்ததும் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து அத்தனை அண்டாவையும் அவரே தேய்ப்பார். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

போனாள்.

"சாமி, என் நாக்கு ஏன் எரியுது?"

"தெரியாதும்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாலும் தெரியாது."

"பக்கத்து வீட்டுக்காரி சொல்லுதா, போன பிறவியில யாரையோ வாயால சுட்டிருக்கேனாம்."

"போன வாரம் வச்ச கறி என்னன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க."

பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் இறங்கினாள், ஏறினாள்.

"சரி, இது போகுமா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம்."

"இதைச் சொல்லுததுக்கு ஒரு சாமி வேணுமா?"

"வேண்டாம்தான். இன்னொரு டாக்டரைப் பாருங்கம்மா. மாத்திரை குடுத்தா சாப்பிடுங்க. கேக்கலைன்னா, இன்னும் எரியுதுன்னு தயங்காமச் சொல்லுங்க."

"சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு." அவள் இடுப்பில் செருகியிருந்த, சாமான் வைக்கிற உக்கிராணத்தின் சாவியைத் தொட்டாள். "குருபூசைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள எனக்கு ஒரு காரணம் தெரிஞ்சாகணும். இல்லைன்னா சாவியைக் குடுத்துட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். அங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. போய்ப் படுத்துக்கிடுதேன்."

அடுப்புக்கு முன்னால் நிற்கிற இரண்டு மணி நேரம்தான் அவள் நாளில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது. அதையும் விட்டால் அந்த ரூமில் அவளும் நாக்கும் மட்டும்தான்.

சாமி அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னிக்கு எங்க எரியுது? நுனியிலயா, ஓரத்திலயா?"

அப்படி யாரும் அவளைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"ரெண்டு எடத்திலயும்."

"ம்" என்றார். அடுத்த அண்டாவை இழுத்துக்கொண்டார்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. பதில் கேட்டு வந்தால் இவரும் கேள்வி கேட்கிறார்!

அந்த மடத்தில் இரண்டு வழக்கம் உண்டு. ஆக்கியதைச் சமாதிக்குப் படைக்கும் முன்னால் யாரும் உப்பு பார்க்கக் கூடாது. கைதான் அளவு, மூக்குதான் சாட்சி. பந்தியில் உட்கார்ந்தவர்கள் சோற்றைக் குறை சொல்லக் கூடாது. இரண்டுமே நல்ல வழக்கம்தான். இரண்டும் சேர்ந்து பொற்கொடியை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதுதான் கதை.

வாய் எரிய ஆரம்பித்த நாளிலிருந்து அவள் தயிர்ச்சோறு மட்டும்தான் சாப்பிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஆசை யாரை விட்டது, ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. இலையை அப்படியே மூடினாள். அவளுக்கு வலியைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது. இந்த நெருப்பையா நாற்பது பேருக்கு ஊற்றினேன்? வயசானவர்கள், பச்சைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுப் போயிருக்கிறார்களே!

யாரிடமும் கேட்க முடியாது. கேட்டாலும் வழக்கத்தை நினைத்து நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள்.

மறுநாள், தாலுகா ஆபீசில் ஒரு பொய்க் கணக்குகூட எழுதாதவள், உக்கிராணக் கதவுக்குப் பின்னால் நின்று உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விட்டு நக்கினாள். எரிந்தது. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். மறுபடி நக்கினாள். மறுபடியும் எரிந்தது. அன்றையிலிருந்து தினமும் அதே வேலை. மிளகாயைப் பாதியாக்கினாள், பிறகு கால். உப்பு நாக்கில் பட்டாலே சுருக்கென்றது, அதையும் குறைத்தாள். புளியைச் சும்மா காட்டி எடுத்தாள்.

குருபூசைக்கு நாலு நாள் இருந்தது. பந்தியில் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம், கொஞ்சம் சோறு கேட்டபடி இலை மேல் குனிந்தார். குனிந்தவருடைய வேட்டி மடிப்பிலிருந்து மூன்று பச்சைமிளகாய் இலையில் விழுந்தன.

பொற்கொடி மிளகாயைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"மொளகாம்மா."

"அது தெரியுது. எதுக்கு?"

பக்கத்து இலைக்காரர் எதையோ கைக்குள் மூடினார். ஊறுகாய்ப் பொட்டலம். அதற்கடுத்த அம்மாள் முந்தானையை இழுத்து ஒரு சின்ன டப்பாவை மறைத்தாள். பொற்கொடி வரிசை முழுக்கப் பார்த்தாள். ஆளுக்கொரு ஏற்பாட்டோடுதான் வந்திருந்தார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா..."

"வழக்கம் கெடக்கட்டும். சொல்லுங்க."

கண்டக்டர் மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "மூணு மாசமா குழம்புல உப்பு இல்ல, புளி இல்ல, காரம் மருந்துக்குக்கூட இல்ல. சுடுதண்ணியில கத்திரிக்காய் மெதக்குது."

யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"ஒங்களுக்கே வாய் வெந்துகெடக்கு. அதோட நின்னு எங்களுக்கு ஆக்கிப் போடுதீங்க. அதுல போய் நொட்டை சொல்ல எங்களுக்கு எப்படிம்மா மனசு வரும்?"

பொற்கொடி வாளியைத் தரையில் வைத்தாள். இன்றைக்குக் காலையிலும் நக்கிப் பார்த்தாளே. இன்றைக்கும் அது நெருப்பாகத்தானே இருந்தது. இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினாளே!

கொல்லை வழியாகப் படித்துறைக்கு நடந்தாள். நடை ஓட்டமாகிவிட்டது. சாமி அப்போதுதான் காலியான முதல் அண்டாவைத் தண்ணீரில் இறக்கியிருந்தார்.

"சாமி, நீங்களும் மூணு மாசமா அந்தக் குழம்பைத்தான் சாப்பிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இல்ல."

அவள் சாவியை உருவிப் படியில் வைத்தாள்.

"நான் உப்பு பாத்தேன் சாமி. தெனமும். கதவுக்குப் பின்னால நின்னு, களவாணி மாதிரி."

"ஏன்?"

"எனக்கு எரியுத மாதிரி அவங்களுக்கும் எரிஞ்சிரக் கூடாதுன்னு."

சாமி கையில் இருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தார்.

"வழக்கத்தை மீறினதுக்கு என்ன உண்டோ அதைச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்" என்றாள். "ஆனா காரணம் வேணும்னு கேட்டேன்லா, இன்னிக்கு அது கெடச்சிருச்சு. நாப்பது பேருக்குச் சப்புன்னு இருந்த குழம்பு எனக்கு மட்டும் நெருப்பா இருந்திருக்கு. அப்போ டாக்டருங்க எல்லாரும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நாக்குல ஒண்ணும் இல்ல. நான்தான் புத்தி பெரண்ட கோட்டி. என் நாக்கு பொய் நாக்கு."

பதினாலு மாதமாக ஊர் ஊராகப் போய் எந்தப் பேச்சை எதிர்த்துச் சண்டை போட்டாளோ, அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எல்லாரும் கைவிட்டபோது அவள் பக்கம் அவள் ஒருத்தியாவது இருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

சாமி கையைக் கழுவினார். "உக்காருங்கம்மா."

"உக்கார முடியல."

"சரி, நில்லுங்க. வாய் எரியுததுக்கு முன்னால மூணு வருஷம் குழம்பு வச்சீங்களே, எதை வச்சு உப்புப் போட்டீங்க?"

"கையை வச்சு."

"யாராவது மடியில மொளகா கொண்டுவந்தாங்களா?"

"இல்ல."

"அந்தக் கை எங்க?"

"இங்கதான் இருக்கு. கணு வலிக்கும். அள்ளத் தெரியும்."

"அப்போ குருபூசைக்கு யார் குழம்பு வைக்க?"

"என்ன சாமி பேசுதீங்க?" அவளுக்குக் குரல் ஏறியது. "பொய் சொல்லுத நாக்கை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு, நான் எந்தத் தைரியத்துல கரண்டியைப் பிடிக்க?"

"உங்க நாக்கு பொய் சொல்லலம்மா. எரியுதுன்னு சொல்லுச்சு. எரியுது. நான் நம்புதேன். அதுகிட்டப் போய்க் குழம்பைப் பத்தி எதுக்குக் கேட்டீங்க?"