தினமும் பிடுங்கிய கிழங்கு

எந்தக் காலம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டு அரசரிடம் சாத்தப்பன் என்ற விகடன் இருபது வருடமாக வேலை பார்த்துவந்தான். அரசர் கண் விழித்ததும் அவனுக்கு ஆள் வரும். மந்திரிகளோடு மனக்கசப்பு என்றாலும் ஆள் வரும். சாத்தப்பனுக்கு வயது ஐம்பத்தைந்து. முழங்கால் இரண்டும் வலி. சபையில் வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் கொட்டாவிதான் வந்தது. அதற்கும் சபை சிரித்தது.

வீட்டுக்குப் பின்னால் அரசர் கொடுத்த தோட்டம் ஒன்று இருந்தது. அவன் மனைவி செங்கமலம் அதில் சர்க்கரைவள்ளி போட்டிருந்தாள். அந்த வருடம் வெட்டிய கிழங்கில் நல்லதாக நாலை அவித்து அரண்மனைக்குக் கொடுத்தனுப்பினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கிழங்கைத் தின்ற அரசர் கேட்டார். "சாத்தப்பா, மாங்காய் வளர்வதைப் பார்த்திருக்கிறேன். மண்ணுக்குள் இருக்கும் இது எப்படி வளர்கிறது? நான் பார்க்க வேண்டும்."

அரண்மனைத் தோட்டங்களுக்கு அதிகாரியான விசயராயன் உடனே எழுந்தான். சாத்தப்பனின் தோட்டத்தை ஒட்டித்தான் அவன் மாளிகை. அந்த நிலத்தின்மேல் அவனுக்கு வெகுநாளாகக் கண்.

"அரசே, சாத்தப்பன் ஒரு கொடியை நட்டு, கிழங்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தினமும் சபையில் காட்டட்டும். நான்கு மாதத்தில் அது ஒரு சாண் நீளமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தோட்டத்தை அரண்மனைக்கு எடுத்துக்கொள்ளலாம். பராமரிப்பை நான் ஏற்கிறேன்."

"நல்ல யோசனை. அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

சாத்தப்பன் வாதாடவில்லை. வாதாடத் தெம்பும் இல்லை. "உத்தரவு, அரசே" என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

அதிகாரியின் ஆட்கள் பார்த்திருக்க, மண்ணை மேடாகக் கூட்டிய பாரின் மேல் ஒரு கொடித்துண்டை நட்டான். மறுநாள் காலையில் அதை வேரோடு பிடுங்கிக் கூடையில் வைத்தபோது செங்கமலம் பதறிப்போனாள்.

"என்னங்க பண்றீங்க? நேத்து வச்ச கொடிங்க அது."

"தினமும் காட்டணும்னு உத்தரவு. மண்ணுக்குள்ள இருந்தா எப்படிக் காட்டுறது?"

"இப்படிப் பிடுங்கினா கிழங்கு வைக்குமா? தோட்டம் போயிடுங்க. இந்த மண்ணைக் கொத்திக் கொத்தி என் கை காய்ச்சுப்போச்சு."

"தெரியும்" என்றான் சாத்தப்பன். அவள் கையைப் பார்க்க முடியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. காலையில் பிடுங்கிச் சபையில் காட்டுவான். மாலையில் வந்து மறுபடி நட்டுத் தண்ணீர் ஊற்றுவான். கொடி வாடும், இரண்டு இலை விடும், மறுபடி வாடும். அரசர் முதல் பத்து நாள் குனிந்து பார்த்தார்; பிறகு தலையை மட்டும் அசைத்தார். விசயராயன் மட்டும் ஒருநாள் தவறாமல் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டான்.

நான்கு மாதம் முடிந்தது. சாத்தப்பன் கூடையைக் கீழே வைத்தான். கொடியின் அடியில் நூல் நூலாக வேர் தொங்கியது. கிழங்கென்று சொல்ல ஒன்றுமில்லை.

அரசர் முகம் சுளித்தார். "என்ன இது? விசயராயரே, நீர் தோட்டம் அறிந்தவர். இது ஏன் வளரவில்லை?"

இந்தக் கேள்விக்காகவே அதிகாரி நான்கு மாதமாகக் காத்திருந்தான். "அரசே, தினமும் பிடுங்கிப் பார்த்தால் எந்தக் கிழங்கு பருக்கும்? தோட்ட வேலையே அறியாத மூடனுக்குக்கூட இது தெரியுமே."

சாத்தப்பன் மெதுவாகக் கேட்டான். "அதிகாரி சொல்வது முற்றிலும் சரி, அரசே. தினமும் காட்டச் சொன்னது யார் என்பதுதான் எனக்கு மறந்துவிட்டது. அவருக்கு நினைவிருக்கும்."

விசயராயன் வாயைத் திறந்தான். யோசனை தன்னுடையது, உத்தரவு அரசருடையது. மூடன் என்ற பட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஆபத்து. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

முதலில் அரசருடைய தோள் குலுங்கியது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தப் பட்டத்தை நாம் இருவரும் பாதிப்பாதி எடுத்துக்கொள்வோம், விசயராயரே. தோட்டம் சாத்தப்பனுக்கே. இனி அந்தப் பக்கம் நீர் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். சாத்தப்பா, வேறென்ன வேண்டும், கேள்."

"பொன் வேண்டாம், அரசே. இந்தக் கொடி நான்கு மாதம் பட்ட பாட்டை நான் இருபது வருடமாகப் படுகிறேன். என்னையும் கொஞ்சநாள் மண்ணோடு விட்டுவையுங்கள்."

அரசர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை அன்றுதான் அவருக்குத் தெரிந்தது போலும். "நான்கு மாதம் உன்னைத் தேடி ஆள் வராது" என்றார். பொன்னும் கொடுத்தனுப்பினார்.

அரசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஆள் அனுப்பவில்லை. ஆனால் மூன்றாவது மாதம், பொறுக்கமுடியாமல் தாமே பல்லக்கில் வந்து இறங்கினார். தோட்டத்தில் கொடி தரை தெரியாமல் படர்ந்திருந்தது. வரப்பில் துண்டை விரித்து, வாயைப் பிளந்தபடி சாத்தப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பப்போன செங்கமலத்தை அரசர் கையமர்த்தினார். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டே, வந்த வழியே திரும்பிப் போனார்.