பின்வாசலை அடைத்த பெருச்சாளி

ஆற்றங்கரைக் காட்டில், ஒரு மருத மரத்தின் வேரடியில், பொதியன் என்ற பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தான். காட்டை அடுத்து வயல்கள். ஒவ்வோர் அறுவடையின்போதும் பொதியன் நெற்கதிர்களைக் கடித்து இழுத்துவந்து வளைக்குள் அடுக்குவான். ஓர் அறை நிரம்பினால் இன்னோர் அறை தோண்டுவான். இந்த வருஷம் தோண்டவும் இடமில்லை. சுற்றிலும் பாறை. மிச்சமிருந்தது பின்வாசல் ஒன்றுதான்.

பெருச்சாளிகளுக்குப் பின்வாசல்தான் உயிர்வாசல். முன்னால் பாம்பு வந்தால் பின்னால் ஓட வேண்டுமே! பொதியன் கொஞ்சம் யோசித்தான். "பாம்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்த வழியையும் நெல்லால் அடைத்து, வெளியே களிமண் பூசி மெழுகிவிட்டான்.

ஒரு நாள் காலையில் மைனா வந்து வேரில் உட்கார்ந்தது.

"அண்ணே, குளத்தங்கரையில் ஒரே பேச்சு! இந்தக் காட்டில் நன்றாக வாழ்கிறவர் யார் என்று பேச்சு!"

பொதியன் மீசையை நீவிக்கொண்டான். "என் பெயரை யார் முதலில் சொன்னது?"

"உங்கள் பெயர் வரவே இல்லையே! மரங்கொத்தி செஞ்சூடி, யானை கரியாள். இவர்கள் இரண்டு பேரைத்தான் எல்லோரும் சொன்னார்கள்."

"அவர்களிடம் என்ன இருக்கிறது?"

"நானும் அதைத்தான் கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்!"

மைனா பறந்துபோனது. பொதியனுக்கு வாயிலிருந்த நெல் உமியாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் இழுத்த கதிர்கள்! அதைப் பற்றி ஒரு பேச்சுகூட இல்லையா? வளைக்குள் ஒரு முறை செருமிப் பார்த்தான். நிரம்பிய வீட்டில் எதிரொலிகூட வரவில்லை. மனசு பொறுக்காமல், அந்த இரண்டு பேரையும் நேரில் பார்க்கக் கிளம்பினான்.

செஞ்சூடி ஒரு காய்ந்த மரத்தைக் கொத்திக்கொண்டிருந்தாள். சிராய்கள் பொதியனின் தலைமேல் உதிர்ந்தன.

"செஞ்சூடி! உனக்கு எத்தனை வீடு?"

"இதோ, இது ஒன்று. இன்னும் முடியவில்லை."

"பொய் சொல்லாதே. வருஷத்துக்கு ஒரு பொந்து குடைகிறாயே! பழையதெல்லாம் எங்கே?"

"ஒன்றில் கிளி இருக்கிறது. ஒன்றில் ஆந்தை. இன்னொன்றில் யாரோ புதுசாக வந்திருக்கிறார்கள், இன்னும் விசாரிக்கவில்லை."

"ஐயோ! பதிலுக்கு என்ன வாங்குகிறாய்?"

"திட்டு வாங்குகிறேன்! வாசல் சின்னதாக இருக்கிறதாம், ஆந்தைக்கு வயிறு இடிக்கிறதாம்!" செஞ்சூடி கொண்டை குலுங்கச் சிரித்தாள். "என் குஞ்சுகள் பறக்கும்வரைதான் எனக்குப் பொந்து வேண்டும், பொதியா. காலிப் பொந்தைக் காவல் காத்தால் நான் எப்போது கொத்துவது?"

 பொதியன் சிராயைத் தட்டிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தான்.

ஆறு வறண்டு கிடந்தது. மணலில் கரியாள் காலால் பறித்து ஊற்று எடுத்திருந்தாள். அவள் குடித்து முடித்து நகர, மான்களும் முயல்களும் முண்டியடித்து ஊற்றில் வாய் வைத்தன.

"அக்கா, சுற்றிலும் முள் வைத்து வேலி போடுங்கள்! ஒரு வாய்த் தண்ணீருக்கு ஒரு பழம் என்று வாங்குங்கள்! நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள்!"

"நான் எங்கேயோ போய்க்கொண்டுதானே தம்பி இருக்கிறேன்? நாளைக்கு அடுத்த மேட்டில் மேய்ச்சல்."

"அப்படியென்றால் ஜெயித்துவிட்டோம் என்று உங்களுக்கு எப்போதுதான் தோன்றும்?"

கரியாள் காதை விசிறிக்கொண்டு யோசித்தாள். "போகிற வழியில் திரும்பிப் பார்ப்பேன். ஏதாவது ஒரு குட்டி குடித்துக்கொண்டிருந்தால் நல்லாயிருக்கும். ஆனால் திரும்பிப் பார்ப்பதுதான் கஷ்டம். என் கழுத்தைப் பார்த்தாயா?"

பொதியனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக அவன் நினைத்தான். கொடுத்தால் பெயர் வரும்!

மறுநாள் காலையில், முன்வாசலில் ஒரு பிடி நெல்லைக் கொட்டினான். "வாருங்கள்! பொதியனின் அன்னதானம்! 'பொதியன் வாழ்க' என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு மணி எடுத்துக்கொள்ளுங்கள்!"

தினைக்குருவிகள் சொல்லிப் பார்த்தன. ஒரு குருவி அவசரத்தில் நெல்லை முதலில் கவ்விவிட்டு வாழ்த்தைப் பிறகு சொல்ல, நெல் தொண்டையில் சிக்கி இருமியது.

"செல்லாது! மறுபடி சொல்!" என்றான் பொதியன்.

புள்ளியாள் என்ற காடை, குஞ்சுகளோடு வரிசையில் நின்றிருந்தாள். அவள் முகம் சுருங்கியது. "என் பிள்ளைகளுக்கு இன்னும் குரலே வரவில்லை, ஐயா. வந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் புதருக்குள் போய்விட்டாள். குருவிகளும் பறந்துவிட்டன. கொட்டிய நெல் கொட்டியபடி கிடந்தது. பொதியன் அதைக் கூட்டி அள்ளி உள்ளே கொண்டுபோனான். யாரும் பார்க்கவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

அன்று பிற்பகல் கோடை மழை கொட்டியது. மழை விட்ட பிறகுதான் ஆபத்து வந்தது. மலையில் பெய்த தண்ணீரெல்லாம் சேர்ந்து ஆறு கரைபுரண்டது. முன்வாசல் வழியாகச் சேற்று வெள்ளம் குபுகுபுவென்று உள்ளே நுழைந்தது.

பொதியன் பின்வாசலுக்கு ஓடினான். நெல்! இரண்டு கையாலும் பறித்தான். பறித்ததைத் தள்ள இடமில்லை. எல்லா அறையும் நிறைந்திருந்தது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது. பொதியன் கீச்சென்று அலறினான்.

பின்வாசல் பக்கத்துப் புதரில்தான் புள்ளியாள் இருந்தாள். களிமண்ணில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ளே யார்? ஐயாவா?"

"நான்தான்! காப்பாற்று!"

"முதலில் ஏதாவது வாழ்த்துச் சொல்ல வேண்டுமா?"

"தாயே, வேண்டாம்! அடைப்பை எடு!"

புள்ளியாள் கூவிய கூவலில் காடே வந்துவிட்டது. அடுத்த மேட்டிலிருந்து ஓடிவந்த கரியாள் காலைத் தூக்கினாள். "நகருங்கள், ஒரே மிதி!"

"ஐயோ அக்கா, மிதித்தால் வளையோடு அவனும் போய்விடுவான்!" என்று எல்லோரும் கத்தினார்கள். "நீங்கள் போய் முன்வாசல் பக்கம் படுங்கள்!"

கரியாள் போய் அணைபோலப் படுத்தாள். வெள்ளம் அவள் முதுகில் மோதி விலகி ஓடியது. செஞ்சூடி களிமண்ணை டொக்டொக்கென்று கொத்தி உடைத்தாள். உடைந்த இடத்தில் தினைக்குருவிகளும் காடையும் குஞ்சுகளும் அலகை விட்டன. இழுக்க இழுக்க நெல் வந்தது. வந்ததையெல்லாம் தின்றன.

நெல் குறையக் குறைய, பொதியனின் மூக்குக்குக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தன் நெல் தின்னப்படும் சத்தம் அவனுக்கு இவ்வளவு இனிமையாக ஒருநாளும் கேட்டதில்லை.

"சாப்பிடுங்கள்! நிறுத்தாதீர்கள்!"

"ஐயா, விக்குகிறது!"

"விக்கினாலும் பரவாயில்லை! இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்!"

கடைசியில் ஒரு பொத்தல் விழுந்தது. சேறும் உமியுமாகப் பொதியன் வெளியே உருண்டு வந்து மல்லாந்து விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரம் கழித்து அவனும் சிரித்தான்.

"மீதியை மூடி வைக்கட்டுமா, ஐயா?" என்று கேட்டாள் புள்ளியாள்.

"வேண்டாம். எல்லாம் ஈர நெல். வெயிலில் பரப்பாவிட்டால் முளைத்துப்போகும். வாருங்கள், எல்லோருமாக இழுத்துப் பரப்பலாம். தின்றுகொண்டே பரப்புங்கள்."

வெள்ளம் வடிந்து வெயில் வந்தது. மருத மரத்தடியில் நெல் பொன்னாக விரிந்து கிடந்தது. வயிறு நிறைந்த காடைக்குஞ்சு ஒன்று, நடக்க முடியாமல், பொதியனின் வால்மேல் சரிந்து தூங்கிவிட்டது. பொதியன் அந்தப் பொழுது முழுவதும் வாலை அசைக்கவே இல்லை.

பிறருக்கு வழிவிடாத செல்வம், சேர்த்தவனுடைய வழியையே அடைத்துவிடும்.