கீச்சானின் முள்ளும் ஈரச் சிறகும்

கருவேல மரங்கள் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் கீச்சான் குருவி ஒன்று இருந்தது. மற்றப் பறவைகள் பூச்சியைப் பிடித்தால் தின்னும். இந்தக் கீச்சானோ வண்ணத்துப்பூச்சி கிடைத்தால் தின்னாது. முள்ளில் குத்தி, வெயிலில் காயவைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டும்.

பக்கத்துக் கிளையில் ஓர் ஓணான். எதைக் கேட்டாலும் தலையாட்டும்.

“எப்படிடா தம்பி, நம்ம அலங்காரம்?”

“பிரமாதம் அண்ணே! சருகையெல்லாம் எவ்வளவு அழகா கோத்து வச்சிருக்கீங்க!”

கீச்சானுக்குச் சுருக்கென்றது. குத்திய பூச்சிகளெல்லாம் சிறகை மூடியபடியே காய்ந்து போயிருந்தன. சருகு மாதிரிதான் இருந்தன.

“சிறகு விரிஞ்ச ஒன்றையாவது மாட்டிக் காட்டுறேனா இல்லையா பார்!” என்று கிளம்பியது.

அன்று காலைதான் எருக்கஞ்செடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி கூட்டை உடைத்து வெளியே வந்திருந்தது. சிறகு நனைந்து, கசங்கி, சுருண்டு கிடந்தது. பறக்க முடியாது. அதை அப்படியே அலகில் கவ்விக்கொண்டு வந்துவிட்டது கீச்சான்.

“இதன் சிறகை விரிச்சு மாட்டி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறேன் பாருடா!” என்று ஓணானிடம் சொல்லிப் பூச்சியை முள்ளருகே தள்ளியது. முள் முதுகில் உரசியது. பூச்சிக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. உலகத்தைப் பார்த்து ஒரு நாழிகைகூட ஆகவில்லையே!

“ஐயா, ஐயா! இப்போது குத்தினால் உங்களுக்குத்தான் நட்டம்” என்றது.

“எனக்கென்ன நட்டம், பொடிசு?”

“சிறகு விரிய உடம்பிலிருந்து சிறகுக்கு நீர் ஏற வேண்டும். ஓட்டை போட்டால் அது வடிந்துவிடும். அப்புறம் நான் கசங்கிய சருகுதான்.”

சருகு என்றதும் கீச்சான் அலகைப் பின்னுக்கு இழுத்தது. “சரி, தொங்கு. நான் இங்கேதான் இருப்பேன்.”

பூச்சி கிளையைப் பிடித்துத் தொங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கம் விட்டது. வெயில் ஏற ஏற, வெந்தய நிறத்தில் கறுப்புக் கரை போட்ட சிறகு பளபளவென்று விரிந்தது. ஆனால் கீச்சான் ஓர் அடிகூட நகரவில்லை. இவ்வளவு கிட்டத்தில் பறந்தால் ஒரே கொத்து.

“ஆயிற்றா?”

“ஆயிற்று ஐயா. ஆனால் ரெண்டு சிறகும் சமமாக இருக்கிறதா? ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் ஓணான் சிரிப்பாரே!” என்ற பூச்சி, யாருக்கும் தெரியாமல் இடது சிறகைக் கொஞ்சம் சாய்த்தது.

கீச்சான் தலையைச் சாய்த்துப் பார்த்தது. “அட, கோணல்தான்! தூக்கு.”

தூக்கியது. “இப்போது?”

“இப்போ வலது கோணல்.”

“கிட்ட நின்றால் எல்லாம் கோணலாகத்தான் தெரியும் ஐயா. காட்டப்போவது தூரத்தில் வருகிறவர்களுக்குத்தானே?”

அதுவும் சரிதான் என்று கீச்சான் அடுத்த கிளைக்குத் தாவியது. “இன்னும் கோணல்!” அதற்கடுத்த மரத்துக்குப் போனது. “கொஞ்சம் இறக்கு!” அப்புறம் ஓடைக்கரைப் பனைமரத்துக்கே போய் உட்கார்ந்து, “ஆங், அப்படியே இரு! அசையாதே!” என்று கத்தியது.

பூச்சி அசைந்தது. சிறகு அடித்துக்கொண்டு எதிரேயிருந்த சூரைமுள் புதருக்குள் புகுந்தது.

கீச்சான் பாய்ந்து வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. புதருக்குள் தலையை நுழைத்ததற்கு முகத்தில் ரெண்டு முள் ஏறியதுதான் மிச்சம்.

உள்ளே அத்தனை முள்ளுக்கு நடுவிலும் ஒரு கீறல் இல்லாமல் பூச்சி உட்கார்ந்திருந்தது. பிறகு புதரின் மறுபக்கமாக வெளியேறி, பூவிருக்கும் பக்கம் பறந்தது.

ஓணான் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டியது.

“கவலைப்படாதீங்க அண்ணே. ரெண்டு சிறகும் சமமாத்தான் அடிக்குது!”

நீதி: பிறர் மெச்ச வேண்டும் என்றே அலைகிறவன் கையில் இருப்பதையும் கோட்டை விடுவான்.