கோடு நின்ற இடம்

"கோடு போடறதை எங்கே நிறுத்தறது, டீச்சர்?"

கேட்டது இருசப்பன். பாறைமேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் மூலைக்கொரு கல் வைத்திருந்தார்.

செலினா டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். பாறைக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று படித்தவர். இருசப்பன் தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்தவர். ஷாப்பு மூடியபிறகு, பாறை வெடிப்புகளை அளந்து வரைய டீச்சரிடம் கற்றுக்கொண்டார்.

"கல்லுக்கு நாடி பிடிக்கறவரு வர்றாரு," என்று ஊரில் கேலி.

குன்றின் உச்சியில், ஷாப்பு விட்டுப்போன கழிவுக் குழி. தெற்குச் சரிவில் இருந்த கிணறெல்லாம் கெட்டுப்போய் நாளாயிற்று. வடக்குச் சரிவில் ஒரே ஒரு கிணறு. மிச்சமிருக்கிற சனம் அதைத்தான் குடிக்கிறது.

குழியின் ஓரத்திலிருந்து ஒரு வெடிப்பு வடக்கே போயிற்று. பாறை தெரிந்தமட்டும் இருசப்பன் வரைந்திருந்தார். மண் மூடிய இடத்தில் கோடு நின்றது.

"வெடிப்பு அங்கே நின்னுச்சா, உங்க கண்ணு நின்னுச்சா?"

"கண்ணால பார்த்தாத்தான் முழுக்கோடுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"பார்க்காததுக்கு?"

"விட்டு விட்டுப் போடற கோடு."

கோடு நின்ற இடத்தில் டீச்சர் பென்சிலை வைத்தார்.

இருசப்பன் எடுக்கவில்லை.

அதே போக்கில் நீட்டினால் கோடு வடக்குக் கிணற்றில் போய் முட்டும். கிணற்றை ஒட்டித்தான் அவர் மகள் மோகனாவின் வீடு. "இந்தப் பக்கத்துத் தண்ணி இளநீர்டி," என்று சொல்லி அவளை அங்கே குடிவைத்தவரே அவர்தான். இப்போது அவளுக்குக் கைக்குழந்தை.

"சந்தேகத்துக்கு ஒரு கிணத்தை மூடச் சொன்னா, சனம் என்னைத் தள்ளி மூடிடும் டீச்சர்."

"சரி. குழியில சாயம் விட்டு, கிணத்துல வருதான்னு பார்ப்போம்."

உடம்புக்குக் கெடுதல் இல்லாத பச்சைச் சாயம். இருசப்பன் கையாலேயே குழியில் ஊற்றவைத்தார் டீச்சர்.

"முடிவு தெரியறவரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்க வேணாம்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

தினமும் காலையில் இருசப்பன் வடக்குக் கிணற்றில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஊரில் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. நாளைக்கும் தெளிந்திருந்தது.

"உன் கல்லு என்னப்பா சொல்லுது?" என்பாள் மோகனா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

"வாயே திறக்கலைம்மா."

டீச்சரிடம் போய்ச் சொன்னார். "பார்த்தீங்களா, ஒண்ணுமில்லை."

"இன்னும் மழை பெய்யலையே அண்ணே. வழி இருந்தாலும் பின்னால தள்ள ஒரு ஆள் வேணும்."

ஐப்பசியில் அடித்து ஊற்றியது.

மழை விட்டு வெயில் வந்த அன்று, டீச்சரை அவரே வடக்கே கூட்டிப் போனார். "வந்து உங்க கண்ணாலயே பாருங்க."

மோகனா வாசலில் வெள்ளை பேசினில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க வந்து பாரு இந்தக் கூத்தை. எந்த எடுபட்டவனோ கிணத்துல சாயத்தைக் கரைச்சிருக்கான்."

பேசின் நிறைய கிளிப்பச்சை. குழந்தை கையால் அடித்து அடித்துச் சிரித்தது.

சாயம் ஒன்றும் செய்யாதும்மா என்று சொல்ல வாயெடுத்தார் இருசப்பன். சாயத்தோடு கூட வந்தது என்ன என்று நினைப்பு வந்தது.

"ஏம்பா, ஏன் இப்படிப் பார்க்கறே? இந்தக் கிணத்துத் தண்ணியைத்தானே இவனுக்குத் தினமும் காய்ச்சி ஊத்திட்டு வர்றேன்."

இருசப்பன் ஈர மண்ணில் உட்கார்ந்தார். பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மடிமேல் விரித்தார். கோடு நின்ற இடத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு. விட்டு, இன்னொரு துண்டு.

டீச்சர் குனிந்து அவர் கையைப் பிடித்தார்.

"முழுக்கோடாவே போடுங்க, அண்ணே."