தங்கள் மேலான வருகை

நாற்பது கடிதம் முடிந்து நாற்பத்தொன்றாவதில் தணிகாசலத்துக்குக் கை ஓய்ந்துவிட்டது.

சிறுமலை அடிவாரத்து மடத்தில் வருஷா வருஷம் குருபூஜைக்கு ஆங்கிலத்தில் அழைப்புக் கடிதம் எழுதுவது அவர் பொறுப்பு. முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்று, மடத்தோடு வந்து தங்கிவிட்டவர். அவரை விட்டால் அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? பெரிய அதிகாரிகள், வெளிநாட்டு அன்பர்கள் என்று நாற்பது பேர். நாற்பத்தொன்றாவது, கரூரில் இருக்கும் அவருடைய ஒரே மகள் தேன்மொழிக்கு. ஒன்பது வருஷமாக எழுதுகிறார். அவள் வந்ததுமில்லை, பதில் போட்டதுமில்லை. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பெற்ற மகளுக்கு இங்கிலீஷில் கடுதாசி போடுகிற மனுஷர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாமியிடம் போனார். மடத்துச் சாமி அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். முன்னே லாரி ஓட்டியவர். மத்தியான வெயிலில் கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷத்தோட விட்டுடறேன் சாமி. அலுத்துப்போச்சு."

"என்னங்கய்யா அலுப்பு?"

"வர வேண்டியவ வரலையே. அழைக்கிறது எப்படின்னே எனக்குத் தெரியலையோ என்னமோ."

சாமி வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"பாப்பாவுக்கு எழுதினதை வாசிங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ்ல சொல்லுங்க."

"அம்மையீர்," என்று ஆரம்பித்த தணிகாசலம் கொஞ்சம் கூசிப்போய் நிறுத்தினார். "எல்லாருக்கும் ஒரே வாசகம்தான் சாமி. பேரு மட்டும் மாறும்."

"சரி, மேல சொல்லுங்க."

"'குருபூஜை விழாவிற்குத் தங்கள் மேலான வருகை வேண்டப்படுகிறது.'"

"யாரு வேண்டுறா?"

"அதுல ஆள் வராது. மரியாதைக் கடிதம்னா அப்படித்தான்."

"பெத்த புள்ளைக்குத் தங்கள்னா எழுதியிருக்கீங்க?"

"இங்கிலீஷ்ல யூன்னு இருக்கு. நீயும் அதுதான், நீங்களும் அதுதான்."

மகளுக்குத் தமிழில் எழுத அவர் எத்தனையோ தரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 'நீ' என்று எழுத இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

"அப்புறம்?"

"'இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி, வசதி செய்துகொண்டு விழாவைச் சிறப்பிக்கவும்.' அவ்வளவுதான்."

"இதுல 'வா'ங்கிறது எங்க இருக்கு?"

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த அந்தச் சொல்லை ஒரு வரியிலும் காணோம்.

"இல்ல சாமி."

"கடைசியா எப்ப அந்தப் புள்ளைய வான்னு சொன்னீங்க?"

அவர் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது. சொல்லாமல் வைத்திருந்தே களைத்துப்போயிருந்தார்.

"அவளாப் பார்த்துப் பண்ணிக்கிட்ட கல்யாணம். மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னா. நான் உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். தலையை நிமிர்த்தலை. வான்னு ஒரு வார்த்தை கேக்கலை. ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டா."

சாமி உள்ளே போய்த் தணிகாசலத்தின் துணிப்பையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.

"மூணு மணிக்குக் கீழ ரோட்டுல கரூர் பஸ் வரும்."

"கடிதத்தை நேர்ல குடுத்துட்டு வரச் சொல்றீங்களா?"

"அது எதுக்கு?" சாமி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

தணிகாசலம் பையைத் தொடவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. அறுபத்தேழு வயதில், தான் பெற்ற பிள்ளையின் வாசலை நினைத்துப் பயம்.

"போய் நிக்கிறேன்னே வைங்க. அவ என்னை வாங்கன்னு கேக்கலைன்னா?"

"அன்னைக்கு அவ எவ்வளவு நேரம் நின்னாளோ, அவ்வளவு நேரம் நின்னுட்டு வாங்க," என்றார் சாமி.