பட்டங்களுக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

வெண்ணாவல் நாட்டு மன்னர் அடலேறு வர்மருக்குப் பட்டங்கள் ஏராளம். அவர் பார்த்த போர்களைவிட அதிகம். சரி, அது அவர் பாடு.

அந்த வருடம் பக்கத்து நாடுகளைச் சூறையாடிய வாந்திபேதி வெண்ணாவலுக்குள்ளும் நுழைந்தது. குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காய்ச்சிக் குடிக்கச் சொல்லித் தண்டோரா போடும்படி மன்னர் உத்தரவிட்டார். வாசகம் எழுதியவர் அவைப் புலவர் விருத்தகிரியார். முதலில் மன்னரின் பட்டங்கள் அத்தனையும். பிறகு ஒரு "வாழ்க". அதற்கப்புறம், "அழல்வழித் தூய்மையுற்ற நீரை அருந்துதல் சாலச் சிறந்தது". எழுதி முடித்ததும் அதன் அழகில் புலவர் தாமே கண் கலங்கினாராம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். தண்டோராவில் "வாழ்க" வந்ததும் ஜனங்களும் "வாழ்க" என்று கத்திவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அதற்குமேல் உருப்படியாக எதையும் அவர்கள் கேட்டதில்லை. இந்த முறையும் கத்தினார்கள், வீட்டுக்குப் போனார்கள், பச்சைத் தண்ணீரைக் குடித்தார்கள்.

சாவு குறையவில்லை. மன்னருக்குக் கோபம் வந்தது.

"எழுத்தில் குற்றமில்லை. சொன்னவன் சரியாகச் சொல்லவில்லை" என்றார் விருத்தகிரியார்.

தண்டோரா போட்ட சடையனைக் கட்டி இழுத்துவந்தார்கள். சாட்டையடி என்று தீர்ப்பாயிற்று.

"தொண்டை கிழியக் கத்தினேன் சாமி. கடைசி வரியைக் கேக்க நானும் ஒரு நாயும்தான் நின்னோம்" என்று அழுதான் சடையன்.

சபையில் விகடம் பேசிச் சம்பளம் வாங்கும் பொன்னுடையானுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நல்ல வெயில். மன்னர் தண்ணீர் கேட்டதும், அவனே உள்ளே போய் ஒரு வெள்ளிச் செம்பைக் கொண்டுவந்து நீட்டினான். கூடவே, "ஒரு விண்ணப்பம்" என்று தொடங்கினான்.

"எட்டுத் திக்கும் நடுங்க எழுந்தவரே. பகைவர் முதுகு கண்டவரே. யானைக்கு அஞ்சாத சிங்கமே..."

பட்டம் ஒன்றுகூட விடவில்லை. மன்னர் பூரித்துப்போய்ச் செம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"...வாழ்க!"

"வாழ்க!" என்றது சபை. மன்னர் தலையை ஆட்டிவிட்டு, செம்பை ஒரே மூச்சில் காலி செய்தார்.

"...தாங்கள் கையில் வைத்திருப்பது பெரிய குளத்துத் தண்ணீர்" என்று முடித்தான் பொன்னுடையான்.

மன்னரின் முகம் வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவி, இதை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?"

"புலவர் வகுத்த வரிசையில்தான் சொன்னேன், மன்னா. 'வாழ்க' வந்ததும் தாங்கள் குடித்துவிட்டீர்கள். தங்கள் ஜனங்களும் அதைத்தான் செய்தார்கள்."

மன்னருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பயப்படாதீர்கள், காய்ச்சிய தண்ணீர்தான். சமையல்காரியிடம் 'காய்ச்சிக் கொடு' என்றேன். கொடுத்துவிட்டாள். அவளுக்கு நான் பட்டம் எதுவும் சொல்லவில்லை."

மன்னர் மூச்சு விட்டார். சடையனின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். "இனி எப்படித் தண்டோரா போடுவது?"

"'தண்ணியக் காய்ச்சிக் குடி, இல்லேன்னா செத்துப்போவே.' அவ்வளவுதான், மன்னா."

"இதில் மன்னரின் பெயரே இல்லையே" என்று பதறினார் விருத்தகிரியார்.

"பிழைத்துக் கிடந்தால் வாழ்த்த மாட்டார்களா, புலவரே?"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொன்னுடையா, உனக்கும் ஒரு பட்டம் தருகிறேன்."

"வேண்டாம் மன்னா. அதையும் சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் தண்ணீர் குடித்துவிடுவார்கள்."