அவுட்டே ஆகாத அரசி

ஒரு ஊர்ல ஒரு அவுட்டே ஆகாத பொண்ணு இருந்தா. காலை நீட்டிப் படு, போர்வையை இழுக்காத, சொல்றேன். அவ பேரு மங்கையர்க்கரசி. அவ்ளோ நீளமா யாரு கூப்பிடறது? அரசி, அரசின்னுதான் கூப்பிடுவாங்க. எட்டாவது படிச்சா.

அவ பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா கிளப். பாட்டு கிளப், தையல் கிளப்னு ஆளுக்கு ஒண்ணு. அரசி என்ன பண்ணா, நேரா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போயி, "வீட்டுக் கொல்லையில ஆடற மாதிரி ஒரு கிரிக்கெட் கிளப் நடத்தறேன் மிஸ்"னு கேட்டா. "நடத்திக்கோ. ஆனா ஆளு வரணும். வரலேன்னா நீ தையலுக்குப் போயிடணும்"னாங்க மிஸ். அரசிக்குத் தையல்னா வேப்பங்காய். ஊசியில நூலைக் கோக்கச் சொன்னா விரலைக் குத்திக்கிட்டு வந்து நிப்பா.

அப்புறம் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி கிளப் ஆரம்பிச்சுது. சுவத்துல செங்கல்லால மூணு கோடு, அதுதான் ஸ்டம்ப். ஒரு ரப்பர் பந்து. மட்டை அரசியோடது. மட்டை யாரோடதோ அவங்களுக்குத்தான் முதல் பேட்டிங், அது எல்லாத் தெருவுலயும் உள்ள ரூல்தானே? என்ன, சத்தத்தையே காணோம்? ம் சொல்லு. ஆங்.

முதல் வாரம், ஆறாவது படிக்கிற பர்வீன் பந்து போட்டா. டப்! நேரா கோட்டு மேல. "அவுட்டு!"ன்னு எல்லாம் குதிச்சுதுங்க. அரசி மட்டையைக் கீழ வைக்கணுமே! "இது டிரையல் பால்டி. முதல் பந்துக்கு யாராவது அவுட் குடுப்பாங்களா?"ன்னுட்டா.

அடுத்த வாரம் தெரசான்னு ஒருத்தி, பின்னாடியே ஓடிப் போயி லபக்குனு கேட்ச் பிடிச்சா. "செருப்புப் போட்டுக்கிட்டுல்ல பிடிச்சே? செல்லாது"ன்னா அரசி.

அதுக்கும் அடுத்த வாரம் அரசி பாதி தூரம் ஓடறதுக்குள்ள பர்வீன் எறிஞ்சா பாரு, டப்! "குறுக்க காக்கா வந்துச்சு, நான் பயந்துட்டேன். திருப்பிப் போடு"ன்னா. அந்தக் காக்கா எங்கேயோ செவனேன்னு உட்கார்ந்திருந்துச்சு, பாவம். சிரிக்காதடி. கேரம்ல காய் விழலேன்னா 'அத்தை, நீ போர்டை ஆட்டிட்டே'ன்னு ஒருத்தி சண்டைக்கு வருவாளே, நான் அவளைச் சொல்லவே இல்ல.

அப்புறம் என்ன? ஒவ்வொண்ணா நழுவிடுச்சுங்க. ஒரு வெள்ளிக்கிழமை அரசி மட்டும் தனியா நின்னு சுவத்துல பந்தை அடிச்சுக்கிட்டிருந்தா. டொக்... டொக்... அப்போ ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துட்டாங்க.

"என்ன மங்கையர்க்கரசி, கிளப்பு எங்க?"

"தண்ணி குடிக்கப் போயிருக்காங்க மிஸ்."

"எல்லாருமா?"

"எல்லாருக்கும் தாகம் மிஸ்."

"அடுத்த வெள்ளிக்கிழமையும் தாகமா இருந்தா, நீ தையலுக்குக் கிளம்பு"ன்னுட்டுப் போயிட்டாங்க.

அரசி பந்தை அப்படியே விட்டுட்டா. ஓடினா பாட்டு கிளப்புக்கு. பர்வீன் அங்க ஸரிகம பாடிக்கிட்டிருந்தா.

"வாடி பர்வீன், விளையாடலாம்."

"எனக்கு பேட்டிங் வருமா அக்கா?"

"வரும்டி. நான் அவுட் ஆனதும் உனக்குத்தான்."

"அப்போ வராது"ன்னுட்டு பர்வீன் மறுபடியும் ஸரிகம.

கெஞ்சி, கொஞ்சி, கொய்யாக்கா வாங்கிக் குடுத்து, "ஒரே ஒரு வாரம்டி"ன்னு அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரையும் இழுத்துக்கிட்டு வந்துட்டா. வந்துதுங்க, கடனேன்னு. பர்வீன் பந்து போட்டா. அரசி மட்டையை வீசினா. மட்டை ஓரத்துல டிக்! எறும்பு தும்மின மாதிரி அவ்ளோதான் சத்தம். பின்னாடி தெரசா கையில போய்ப் பந்து உட்கார்ந்துச்சு. ம்? ஆமா, கேட்சுதான்.

அரசிக்குத் தெரிஞ்சுது. தெரசாவுக்கும் தெரிஞ்சுதுன்னு அவ மூஞ்சியே சொல்லுச்சு. ஆனா ஒருத்தியும் அவுட்டுன்னு கத்தல. தெரசா பேசாம பந்தைப் பர்வீன்கிட்ட தூக்கிப் போட்டுட்டா. கத்தி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டாங்க. அரசிக்குச் சுருக்குன்னுச்சு. அவங்க சண்டை போட்டிருந்தாக்கூட அவ ஏதாவது சாக்கு சொல்லியிருப்பா. இவங்க சும்மா நிக்கிறாங்களே!

"அவுட்டு"ன்னா அரசி.

"யாரு?"ன்னா தெரசா.

"நான்தான். பட்டுச்சு."

எல்லாம் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிச்சுங்க. பர்வீன் மெதுவா பக்கத்துல வந்து, "இது என்ன புது ரூலா அக்கா?"ன்னு கேட்டா.

அரசிக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. "எனக்குப் புதுசுடி. இந்தா"ன்னு மட்டையை நீட்டினா. பர்வீன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்போ தெரசா கத்தினா, "அடுத்து நான்!" உடனே இன்னொருத்தி, "அதுக்கடுத்து நான்!" ஒரே களேபரம், காதைப் பொத்திக்கணும் போல. அரசியும் ஓடி வந்து, "அப்போ அதுக்கு அடுத்து நான்"னா.

"அக்கா, வரிசையில கடைசில போய் நில்லு"ன்னுட்டா பர்வீன்.

போய் நின்னாளே! வாயெல்லாம் பல்லா நின்னா.

அவ்ளோதான்டி, பந்தும் பெட்டிக்குள்ள போயிடுச்சு, கதையும் போயிடுச்சு. கண்ணை மூடு, தூங்கு.